தெரு மரங்களின் பதிவேடு: தொடங்குவதும் தொடர்ந்து புதுப்பிப்பதும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது மரங்கள் சாய்ந்தன. அடுத்த சில நாட்களில் அவற்றைத் துண்டு துண்டாக அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு மாதம் கழித்து, விழுந்த இடங்களில் கன்று வைக்கலாம் என்று நாங்கள் சிலர் கூடிப் பேசினோம். எந்த இடத்தில் எந்த மரம் நின்றது, அதன் பருமன் என்ன, அது ஏன் விழுந்தது, பத்தடி தள்ளியிருந்த மரம் ஏன் நின்றது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வேம்பு நின்ற இடத்தைப் புங்கம் நின்ற இடம் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். இருபது ஆண்டுகள் அந்த மரத்துக்கு எதிரில் குடியிருந்தவர் அவர்.

அதன் பிறகு எங்கள் பகுதியின் பொது மரங்களுக்கு ஒரு பதிவேட்டைத் தொடங்கி, பல தவறுகள் செய்து, திருத்தி, இன்றுவரை நடத்தி வருகிறோம். தம் ஊரில் இதைத் தொடங்க நினைப்பவர்களுக்காக அந்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையைச் சேர்ந்தவை என்றாலும், மதுரைக்கோ திருச்சிக்கோ முறை மாறாது.

கணக்கெடுப்பு வேறு, பதிவேடு வேறு

தொடங்கும் முன் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கணக்கெடுப்பு என்பது ஒரு காலகட்டத்தில் எத்தனை மரங்கள் நின்றன என்று சொல்வது. பதிவேடு என்பது இன்று என்ன நிற்கிறது, நேற்று நின்றது எங்கே போயிற்று என்று சொல்வது. மகாராஷ்டிரத்தின் 1975-ஆம் ஆண்டு நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மரங்களை எண்ணும்படி உள்ளாட்சிகளைப் பணிக்கிறது. அதன்படி மும்பையில் நடந்து 2018-இல் வெளியான கணக்கு, நகரில் ஏறத்தாழ 29.75 லட்சம் மரங்கள் இருப்பதாகக் காட்டியது. நியூயார்க் நகரம் 1995, 2005, 2015 ஆகிய ஆண்டுகளில் தன் தெரு மரங்களை எண்ணியது. 2015 கணக்கெடுப்பில் 2,200-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களும் பூங்காத் துறை ஊழியர்களும் நடந்து நடந்து 6,66,134 மரங்களைப் பதிந்தார்கள். இவை பெரும் உழைப்பில் விளைந்தவை, பயனுள்ளவை. ஆனால் எண்ணி முடித்த மறுவாரமே ஒரு மரம் விழுகிறது, இன்னொன்று வடிகால் வேலைக்காக வெட்டப்படுகிறது, வேறொரு தெருவில் இருபது கன்றுகள் நடப்படுகின்றன. அந்த மாற்றங்கள் ஏறாத பட்டியல், மூன்று ஆண்டுகளில் யாரும் நம்பாத பட்டியலாகிவிடும். நியூயார்க்கும் பத்தாண்டுக் கணக்கோடு நிற்கவில்லை. அந்நகரின் பூங்காத் துறை இப்போது தன் ஊழியர்களின் அன்றாட வேலையிலிருந்தே மர வரைபடத்தைப் புதுப்பித்து வருகிறது.

ஆகவே, கீழே சொல்லும் ஒவ்வொரு முடிவையும், “இதைப் பதிவது எளிதா?” என்று கேட்பதற்கு முன், “இதை அடுத்த ஆண்டு இன்னொருவர் வந்து புதுப்பிக்க முடியுமா?” என்று கேட்டு எடுங்கள்.

முதலில் எல்லையை வரையுங்கள்

மொத்த நகரத்தையும் நினைத்துத் தொடங்காதீர்கள். ஒரு வார்டுகூட முதல் ஆண்டுக்கு அதிகம். நான்கைந்து தெருக்களும் ஒரு பூங்காவும் போதும். எந்த மரம் பொது மரம் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதை, சாலை நடுத்திட்டு, மாநகராட்சிப் பூங்கா, குளக்கரை, அரசுப் பள்ளி வளாகம் ஆகியவற்றில் நிற்பவை பொது மரங்கள். ஒரு வீட்டின் மதிலுக்குள் வேரூன்றித் தெருவில் நிழல் தரும் மாமரம், எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இந்தப் பதிவேட்டில் சேராது. மதிலை ஒட்டி, உள்ளேயா வெளியேயா என்று சொல்ல முடியாதபடி நிற்பவை எல்லாத் தெருவிலும் இரண்டொன்று இருக்கும். அவற்றைச் சேர்த்து, ‘உரிமை தெளிவில்லை’ என்று குறித்துவிடுங்கள். விட்டுவிட்டால் வெட்டப்படும்போது யாருக்கும் தெரியாது.

எந்த அளவுக்கு மேற்பட்டதை மரம் என்பது? தில்லியின் 1994-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம், தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டர் விட்டமும், மொத்தம் ஒரு மீட்டர் உயரமும் உள்ள மரத்தன்மை கொண்ட தாவரத்தை மரம் என்கிறது. தானாக முளைத்தவற்றுக்கு இது நல்ல வரையறை. ஆனால் பொது இடத்தில் நட்டு, கூண்டு வைத்த கன்று எவ்வளவு சிறியதானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்ற கேள்விக்குக் கன்றாக இருக்கும்போதே பதிந்தால்தான் விடை கிடைக்கும்.

பதிவேட்டின் அமைப்பு: இடம், மரம், நிகழ்வு

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள், நாங்களும் தவறினோம். ஒரு நீளமான அட்டவணையைத் திறந்து, மரத்துக்கு ஒரு வரி, வரிக்கு முப்பது கட்டங்கள் என்று வைத்துக்கொண்டோம். மரம் விழுந்தபோது அந்த வரியை அழித்தோம். சுற்றளவை மறுபடி அளந்தபோது பழைய எண்ணின் மேலேயே புதிய எண்ணை எழுதினோம். இரண்டு ஆண்டுகளில் எங்கள் பதிவேட்டில் இன்றைய நிலை மட்டும் இருந்தது. எது போயிற்று, எது வளர்ந்தது என்பது எதுவும் இல்லை.

ஒரே அட்டவணைக்குப் பதில் மூன்று தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாள் இடத்துக்கானது. நடைபாதையில் உள்ள ஒவ்வொரு மரக்குழிக்கும் ஓர் எண். தெருப் பெயர், எதிரே உள்ள கதவு எண், நடைபாதையின் அகலம், மேலே மின்கம்பி செல்கிறதா, மண் எவ்வளவு திறந்திருக்கிறது ஆகியவை அதில் வரும். மரம் போனாலும் இடம் பதிவேட்டில் இருக்கும், ‘காலி’ என்ற குறிப்போடு. இரண்டாவது தாள் மரத்துக்கானது: மரத்தின் எண், அது நிற்கும் இடத்தின் எண், இனம், தெரிந்தால் நட்ட ஆண்டு, இப்போது நிற்கிறதா இல்லையா. மூன்றாவது தாள் நிகழ்வுகளுக்கானது. தேதி, மர எண், என்ன நடந்தது, யார் பார்த்தார், எந்தப் படம் என்ற ஐந்தே கட்டங்கள். சுற்றளவு அளந்ததும் ஒரு நிகழ்வுதான், கிளை வெட்டியதும் ஒரு நிகழ்வுதான், பக்கத்தில் பள்ளம் தோண்டியதும், சாய்ந்ததும், எதுவும் மாறவில்லை என்று பார்த்துவிட்டு வந்ததும்கூட ஒரு நிகழ்வுதான். இந்த மூன்றாவது தாளில் வரிகள் சேர்ந்துகொண்டே போகும். எதையும் அழிக்கக் கூடாது. தவறாக எழுதியதைக்கூட, ‘முன்பு எழுதியது தவறு’ என்று அடுத்த வரி எழுதித்தான் திருத்த வேண்டும்.

ஒரு குழியில் நின்ற பூவரசு விழுந்து, அதே குழியில் மகிழம் நட்டால், இடத்தின் எண் பழையது, மரத்தின் எண் புதியது. போன மரத்தின் எண்ணை வேறு மரத்துக்குக் கொடுக்கவே கூடாது.

எண்ணிலேயே பொருளைத் திணிக்காதீர்கள் என்பதும் முக்கியம். வார்டு எண், தெருவின் சுருக்கம், வரிசை எண் என்று கோத்து எழுதினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வார்டுகள் மாறும். சென்னை மாநகராட்சி 2011-இல் விரிவடைந்தபோது பழைய 155 வார்டுகள் 107 ஆகச் சுருக்கப்பட்டன. புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 வார்டுகள் கிடைத்து, மொத்தம் 200 வார்டுகளும் 15 மண்டலங்களும் ஆயின. அதற்கு முன் வார்டு எண்ணை அடையாளமாக வைத்து யாராவது மரப் பட்டியல் எழுதியிருந்தால், ஒரே நாளில் அது குழம்பியிருக்கும். தெருப் பெயர்களும் மாறுகின்றன. 000001 என்று தொடங்கி வெறும் வரிசை எண் கொடுங்கள். வார்டும் தெருவும் மாற்றக்கூடிய கட்டங்களாக இடத் தாளில் இருக்கட்டும்.

அந்த எண்ணைத் தகட்டில் பொறித்து மரத்தில் ஆணி அடிப்பதை நான் ஏற்பதில்லை. விளம்பரப் பலகைகளின் ஆணியைப் பிடுங்கும் வேலையை ஒரு பக்கம் செய்துகொண்டு, மறுபக்கம் நாமே ஓர் ஆணி அடிப்பது முறையல்ல. பெயின்ட்டில் எழுதியது பட்டை உரியும்போது போய்விடும். இடத்தைச் சரியாகப் பதிந்தால் தகடு இல்லாமலே மரத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

ஆளுக்கொரு பெயரை எழுதவிட்டால் பதிவேடு வீணாகும். நடைபாதைகளில் கூர்மையான கோபுரம்போல நிற்கும் நெட்டிலிங்கத்தை நகரத்தில் பலரும் அசோக மரம் என்றே சொல்வார்கள். உண்மையான அசோகம் வேறு மரம், அதைத் தெருவில் காண்பது அரிது. மே மாதத்தில் சிவப்பாகப் பூக்கும் குல்மோகரைச் சிலர் மயில்கொன்றை என்பார்கள். ஆனால் அந்தப் பெயர் தோட்டங்களில் வளரும் ஒரு குறுமரத்துக்கும் உண்டு. மஞ்சளாகப் பூத்து, செம்பழுப்புக் காய்களைத் தொங்கவிடும் மரத்துக்கு இயல்வாகை, பெருங்கொன்றை என்று இரண்டு பெயர்கள். அதைக் கேட்டு, சரக்கொன்றையோடும் வாகையோடும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. தூங்குமூஞ்சியும் வாகையும் ஒன்றல்ல, அரசும் பூவரசும் ஒன்றல்ல.

அறிவியல் பெயரை எழுதினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைக்கலாம். அதுவும் மாறுகிறது. பாலியால்தியா லாஞ்சிஃபோலியாவாக இருந்த நெட்டிலிங்கம் இப்போது மோனூன் லாஞ்சிஃபோலியம். புங்கத்தைப் பொங்கேமியா என்றும் மில்லெட்டியா என்றும் இரண்டு பேரினங்களின் கீழ் நூல்கள் குறிக்கின்றன. ஆகவே உங்கள் பகுதியில் காணக்கூடிய ஐம்பது அறுபது இனங்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, இனத்துக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு எதிரே தமிழ்ப் பெயர், வழக்குப் பெயர்கள், அறிவியல் பெயர் ஆகியவற்றை ஒருமுறை எழுதி வையுங்கள். களத்தில் இருப்பவர் அந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டுமே முடிய வேண்டும். ‘தெரியவில்லை’ என்பதையும் பட்டியலில் சேருங்கள். அதைத் தேர்ந்தெடுப்பவரைப் பாராட்டுங்கள். ஊகித்து எழுதிய பெயரைப் பிறகு கண்டுபிடிப்பது கடினம். தெரியாது என்று எழுதியதைப் பூக்கும் பருவத்தில் போய்ப் பார்த்து நிரப்பிவிடலாம்.

கருவிகளும் பருவமும்

தையல்காரர் நாடா மூன்று மரத்துக்குள் நைந்துவிடும். ஐந்து மீட்டர் ஃபைபர் டேப் ஒன்று வாங்குங்கள். 1.37 மீட்டரில் கோடு போட்ட ஒரு குச்சி, முப்பது மீட்டர் டேப் அல்லது உருட்டும் அளவுச் சக்கரம், கைபேசி, ஒரு நோட்டு, பென்சில், ஒளிரும் மேலங்கி. செயலிகளில் கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே கலெக்ட் இரண்டும் இணையம் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பிப் பிறகு அனுப்ப உதவுகின்றன. வரைபடத்தில் பார்த்துத் திருத்த கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மென்பொருள் தெரிந்தவர் குழுவில் இல்லாவிட்டால் சாதாரண விரிதாளிலேயே மூன்று தாள்களையும் நடத்தலாம். எங்கள் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் ஓடின.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் தொடங்குவது நல்லது. மாசி, பங்குனியில் வேம்பு இலையுதிர்த்துத் துளிர்ப்பதைப் பார்த்துப் பட்டுப்போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள். நாட்டு வாதுமையும் இலை சிவந்து உதிர்க்கும், அது நோயல்ல. சித்திரையில் கொன்றைகள் பூக்கும்போது இனங்களை அடையாளம் காண்பது எளிது.

தெருவில் இறங்கிய பிறகு

இருவராகப் போங்கள், ஒருவர் அளக்க, ஒருவர் எழுத. தெருவின் ஒரு முனையில் தொடங்கி இடப்பக்க நடைபாதை முழுவதையும் முடித்து, பிறகு வலப்பக்கம் திரும்பி வாருங்கள். ஒரு காலைப் பொழுதில் இருவர் நாற்பது மரங்களுக்கு மேல் பதிந்தால் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று நான் நினைப்பேன்.

இடத்தைப் பதிவதில் கைபேசியின் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பக் கூடாது. அடர்ந்த கிளைகளின் கீழும் இருபுறமும் மாடிக் கட்டடங்கள் உள்ள குறுகிய தெருவிலும் அது பல மீட்டர் தள்ளிக் காட்டும்; மூன்று மீட்டர் இடைவெளியில் இரண்டு மரங்கள் நின்றால் எது எது என்று தெரியாமல் போகும். நியூயார்க்கின் 2015 கணக்கெடுப்பில் தெருமுனையிலிருந்து அளவுச் சக்கரத்தை உருட்டி, மரத்துக்கு மரம் இடைவெளியை அளந்தே இடங்களைக் குறித்தார்கள். அந்த முறையையே நான் பரிந்துரைக்கிறேன். ‘வடக்கு நடைபாதை, கிழக்கு முனையிலிருந்து 47 மீட்டர், கதவு எண் 12-க்கு எதிரே’ என்ற குறிப்பை வைத்து எவரும் மரத்தின் முன்னால் போய் நிற்க முடியும். ஜிபிஎஸ் எண்களையும் எழுதுங்கள்; தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கங்கள் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை காட்டும், அதற்கு மேல் எழுதுவதால் கைபேசியின் பிழை குறைந்துவிடாது.

சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். இந்திய வனத்துறையினர் மார்பு உயரம் என்று கொள்வது இதைத்தான். சரிவான இடத்தில் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடுங்கள். சாய்ந்த மரத்தில் அடிமரத்தின் வழியாகவே 1.37 மீட்டர் அளந்து, அதற்குச் செங்குத்தாக நாடாவைச் சுற்றுங்கள். அந்த உயரத்தில் முடிச்சோ வீக்கமோ இருந்தால் அதற்குச் சற்று மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த முறை வருபவர் அதே உயரத்தில் அளக்காவிட்டால் மரம் இளைத்துவிட்டதாகப் பதிவேடு காட்டும். 1.37 மீட்டருக்குக் கீழேயே கவைத்த மரங்களில் ஒவ்வொரு தண்டையும் தனியாக அளந்து, அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காணுங்கள்: 60, 80 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள இரண்டு தண்டுகள் இருந்தால், மரத்தின் கணக்கு 100 சென்டிமீட்டர். தென்னை, பனைக்குச் சுற்றளவு வளர்ச்சியைக் காட்டாது. அவற்றுக்கு உயரத்தைப் பதியுங்கள். கைபேசியின் கோணமானியில் மரத்தின் உச்சி 45 பாகையில் தெரியும் இடம்வரை சமதரையில் பின்னால் நடந்து, மரத்துக்கும் உங்களுக்கும் உள்ள தொலைவோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம் கிடைக்கும்.

மூன்று படங்கள் போதும்: பின்னணிக் கட்டடம் தெரியும்படி முழு மரம், வேர்ப்பகுதி தெரியும்படி அடிமரம், இலையோ பூவோ காயோ தெளிவாகத் தெரியும் ஒன்று. மனிதர் முகமும் வண்டி எண்ணும் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரத்தின் நிலை என்ற கட்டத்தில் புதியவர்கள் தீர்ப்பு எழுதக் கூடாது. ‘ஆபத்தான மரம்’ என்று ஒருவர் எழுதிய ஒரு சொல்லைக் காட்டி நல்ல மரம் ஒன்றை வெட்டிவிட முடியும். பயிற்சி பெற்றவர் வந்து பார்க்கும்வரை, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். பொந்து இருக்கிறதா, எந்த உயரத்தில்? அடியில் காளான் முளைத்திருக்கிறதா? ஒருபுறம் மண் எழும்பிப் பிளந்திருக்கிறதா? உச்சிக் கிளைகள் காய்ந்திருக்கின்றனவா? புல்லுருவி படர்ந்திருக்கிறதா? இரும்புக் கூண்டு அடிமரத்தை நெரிக்கிறதா? நடைபாதைக் கான்கிரீட் தூர்வரை பூசப்பட்டிருக்கிறதா? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வரை கான்கிரீட்டை அகற்றி மண்ணைத் திறந்து விடும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லிக்கு ஆணையிட்டது. கான்கிரீட் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைச் சென்டிமீட்டரில் எழுதி வைத்தால், அதை உடைத்து மண்ணைத் திறக்கும்படி மாநகராட்சியைக் கேட்க அதுவே ஆதாரம்.

இவற்றுள் எல்லாம் முக்கியமானது வேர் வெட்டப்பட்ட தேதி என்பது என் அனுபவம். மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ நடைபாதையை ஒட்டிப் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர்கள் முழுவதும் அறுபடுகின்றன. பள்ளத்தை மூடி, கல் பாவிய பிறகு மேலே எதுவும் தெரியாது. மரம் பச்சையாகவே நிற்கும். ஓரிரு மழைக்காலம் கழித்துக் காற்றடிக்கும்போது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். அப்போது மரத்தைக் குறை சொல்வார்கள். எங்கள் தெருவில் பள்ளம் தோண்டும் வேலை தொடங்கினால், அன்றே ஒருவர் போய் எந்தெந்த மரத்துக்கு எந்தத் திசையில், தூரிலிருந்து எத்தனை சென்டிமீட்டரில் வெட்டினார்கள் என்று படத்தோடு எழுதிவிட வேண்டும் என்பதை எழுதப்படாத விதியாக வைத்திருக்கிறோம்.

மரத்தடியில் பிள்ளையாரோ நாகரோ இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே விளக்கேற்றுபவரிடம் சொல்லிவிட்டு நாடாவைச் சுற்றுங்கள். அரசும் வேம்பும் பின்னி வளர்ந்திருந்தால் அவை இரண்டு மரங்கள், இரண்டு எண்கள்; இடம் மட்டும் ஒன்று.

பதிந்ததைச் சரிபார்த்தல்

ஒவ்வொரு தெருவிலும் இருபது மரங்களுக்கு ஒன்று வீதம், முதலில் பதியாத வேறு இருவர் போய் மறுபடி அளக்க வேண்டும். இனம் மாறுபட்டால் அந்தத் தெருவின் எல்லாப் படங்களையும் பார்க்க வேண்டும். சுற்றளவு சில சென்டிமீட்டர் மாறுபடுவது இயல்பு, பத்துக்கு மேல் போனால் உயரக் குச்சி பயன்படுத்தப்படவில்லை என்று பொருள்.

புதுப்பித்தல்: பதிவேடு உயிரோடிருக்கும் வழி

ஒவ்வொரு மரத்துக்கும் ‘கடைசியாகப் பார்த்த நாள்’ என்று ஒன்று நிகழ்வுத் தாளிலிருந்து தானாகவே கிடைக்கும். கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் பார்க்கப்பட்ட மரங்கள் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்பதே பதிவேட்டின் நம்பகத்தன்மைக்கு அளவு. 1,400 மரங்களில் 1,120-ஐ இந்த ஆண்டுக்குள் பார்த்திருந்தால் 80 விழுக்காடு. மொத்த மரங்களின் எண்ணிக்கையை அறிவிக்கும் இடத்தில் எல்லாம் இந்த எண்ணையும் சேர்த்தே அறிவியுங்கள்.

இதை உயரத்தில் வைத்திருக்க, தெருக்களை மாதங்களுக்குப் பிரித்துக்கொண்டு, மாதத்தில் ஒரு காலை நடையில் சில தெருக்களைப் பார்த்து வருவதே போதும். இந்த நடையில் மறுபடி அளக்க வேண்டாம். நிற்கிறதா, மாறியிருக்கிறதா என்று பார்த்து ஒரு வரி எழுதினால் போதும். சுற்றளவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அளந்தால் போதுமானது. ஆவணி, புரட்டாசியில் ஒருமுறை, மழைக்கு முன், ஏற்கெனவே பொந்து, காளான், வேர் வெட்டு என்று குறிக்கப்பட்ட மரங்களை மட்டும் தேடிப் போய்ப் பாருங்கள்; மாற்றம் பெரிதாகத் தெரிந்தால் படத்தோடும் மர எண்ணோடும் மாநகராட்சியின் 1913 எண்ணில் தெரிவியுங்கள்.

நடைகளுக்கு இடையில் நடப்பது வேறு வழிகளில் வந்து சேர வேண்டும். மின்கம்பிக்காகக் கிளை வெட்டுவது, சாலை வெட்டு, கன்று நடும் விழா, மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவிடம் வரும் விண்ணப்பம் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலகத்தில் ஒரு தாளாக இருக்கும். வார்டு அலுவலகத்தில் ஒருவரோடு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டு, மாதம் ஒருமுறை உங்கள் பதிவேட்டின் நகலைக் கொடுத்துவிட்டு, அவர்களிடம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஓர் அலுவலகத்தில் எங்களை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை, விழுந்த ஒரு மரத்தின் முந்தைய படங்களை அவர்களே கேட்டார்கள், அதன் பிறகு கதவு திறந்தது.

அலுவலகங்களைவிட விரைவாகச் செய்தி தருபவர்கள் மரத்தடியில் பிழைப்பவர்கள். எங்கள் பகுதியில் ஒரு புங்கமரத்தின் கீழ் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர், அந்த மரத்தின் எந்தக் கிளை எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்பதை வரிசையாகச் சொன்னார். மரத்தின் நிகழ்வுத் தாளில் முதல் ஆறு வரிகள் அவர் வாய்மொழிதான், ‘கேட்டு எழுதியது’ என்ற குறிப்போடு. ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்கள், இளநீர்க் கடைக்காரர், பூக்கட்டும் அம்மா, காலையில் தெருக் கூட்டும் தூய்மைப் பணியாளர் ஆகியோரின் கைபேசியில் உங்கள் எண் இருக்கட்டும். ரம்பத்தோடு ஆட்கள் வந்து இறங்கியதும் முதல் அழைப்பு அவர்களிடமிருந்துதான் வரும்.

புயலுக்குப் பின் செய்ய வேண்டியது தனி. அறுந்த மின்கம்பிகள் அகற்றப்பட்டுவிட்டன என்று உறுதியாகும்வரை தெருவில் இறங்க வேண்டாம். அதன் பிறகு, மரங்களை அறுத்து அப்புறப்படுத்துவதற்குள், தெருவுக்கு ஒருவராகப் போய், விழுந்த ஒவ்வொன்றுக்கும் மூன்று செய்திகளை எழுதுங்கள்: வேரோடு சாய்ந்ததா, தண்டு முறிந்ததா, கிளை மட்டும் ஒடிந்ததா; எந்தத் திசையில் விழுந்தது; வேர்த்தட்டு (மண்ணோடு பெயர்ந்து எழும் வேர்த்தொகுதி) வெளியே தெரிந்தால் அதில் பழைய வெட்டுக் காயங்கள் இருக்கின்றனவா. வேர்த்தட்டின் படத்தை எடுக்க ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் அவகாசம்தான் கிடைக்கும். நின்ற மரங்களுக்கும் ‘நிற்கிறது’ என்று ஒரு வரி எழுதுங்கள். எந்த இனம், எந்த வகை இடத்தில் காற்றைத் தாங்கியது என்பது அந்த வரிகளிலிருந்துதான் தெரிய வரும்.

பதிவேட்டைக் கேட்க வேண்டிய கேள்விகள்

சில ஆண்டுகள் ஓடிய பிறகு பதிவேட்டிடம் கேள்வி கேட்கத் தொடங்கலாம். தமிழ்நாடு அரசு 2025-இல் கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தை நடுவதற்குத் தடை விதித்தபோது, எங்கள் தெருக்களில் அவை எங்கெங்கே நிற்கின்றன என்று இனப் பட்டியலில் ஒரு தேடலில் எடுத்துக் கொடுக்க முடிந்தது. ஓர் இனம் மொத்த மரங்களில் பத்து விழுக்காட்டையும், ஒரு பேரினம் இருபதையும், ஒரு குடும்பம் முப்பதையும் தாண்டாமல் இருப்பது நோயிலிருந்து பாதுகாப்பு என்று அமெரிக்கத் தாவர மரபியலாளர் ஃபிராங்க் சாண்டமோர் 1990-இல் சொன்ன அளவுகோலை வைத்து உங்கள் தெருவைப் பாருங்கள். நுனி கருகி வேப்பமரங்கள் ஒருசேர வாடி நின்றதைப் பார்த்தவர்களுக்கு, முழுத் தெருவும் ஒரே இனமாக இருப்பதன் விலை என்ன என்று சொல்லத் தேவையில்லை.

கன்று நடும் முன், அந்தக் குழியின் எண்ணை இடத் தாளில் எடுத்து, அதில் முன்பு நின்ற எல்லா மரங்களின் நிகழ்வு வரிகளையும் வரிசையாகப் படியுங்கள். ஒரே குழியில் மூன்று கன்றுகள் அடுத்தடுத்துப் பட்டிருந்தால் குறை கன்றில் இல்லை. தோண்டிப் பார்த்தால் அடியில் கட்டட இடிபாடோ குழாயோ இருக்கும். முன்பு நின்ற தூங்குமூஞ்சி வேரோடு சாய்ந்திருந்து, வடிகால் சுவர் தூரிலிருந்து அறுபது சென்டிமீட்டரில் வந்துவிட்டது என்று பதிவேடு சொன்னால், அங்கே இன்னொரு தூங்குமூஞ்சியை வைக்காதீர்கள். மின்கம்பி உயரத்தையும் நடைபாதை அகலத்தையும் பார்த்து, மகிழம்போலச் சிறிதாக நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, புதிய மர எண் கொடுத்து, நட்ட தேதியை முதல் நிகழ்வாக எழுதுங்கள்.